பதினோரு நாளுக்கு ஒரு விளக்கம்

கடை சாத்திய பின்
ஆணி நிறுக்கும் தராசில்
பெட்டியைத் தூக்கி வைக்கிறேன்.
இருபத்து நாலு கிலோ நானூறு.
அனுமதி இருபத்து மூன்று.
பணியாரக்கல் மட்டுமே மூன்று கிலோ,
எடுத்தால் கணக்கு நேராகும்.
எடுக்கவில்லை.
என் செருப்பை எடுத்தேன்,
இரண்டு சட்டையை எடுத்தேன்.
தேனு பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து
"இப்ப எவ்வளவு அப்பச்சி" என்கிறாள்,
தலையில் கம்பளிக் குல்லாயோடு.
காரைக்குடியில். சித்திரையில்.

விசா இன்னும் வரவில்லை.
பெட்டி மட்டும் ஐந்து மாதமாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறது.

"ஒம் பொண்டாட்டி கொண்டுவிக்கப் போயிருக்காக"
என்று சிரிப்பான் பெயின்ட் கடை வயிரவன்.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு
ஆண்களே எழுவாய்.
பர்மா போனவர்கள் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டதாக
எங்கள் வீட்டுப் பேரேட்டில் ஒரு வரி இல்லை.
என்னைக் கூப்பிடுபவள் வினிபெக்கில்
யார் யாருடைய எலும்பையோ படமெடுக்கிறாள்.
படிவத்தில் அவள் ஆதரவாளர்,
நான் சார்ந்திருப்பவர்.
எழுதும்போது பேனா ஒன்றும் மக்கர் பண்ணவில்லை.

கல்யாணம் நிஜம் என்பதற்கு
இசைகுடிமானம் இருக்கிறது என்றேன்.
ஊர், கோயில், இரு வீட்டுக் கையெழுத்து, எல்லாம்.
மதுரை ஏஜென்ட் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
கோயில் ஏட்டில் நாங்கள் ஒரு புள்ளி.
ஒட்டாவாவில் அது கமாவுக்கும் காணாது.

பேசிக்கொண்டதைக் கொண்டு வாருங்கள் என்றார்.
கல்லுக்கட்டி ஜெராக்ஸ் கடையில்
பக்கம் ஒன்றரை ரூபாய்க்கு
எங்கள் இல்லறம் சூடாக வந்து விழுந்தது.
சாப்பிட்டாச்சா. சிலிண்டர் வந்துச்சா.
தேனுவுக்குப் பல் ஆடுது.
இங்க மைனஸ் முப்பது.
ஃபீஸ் கட்டுனீங்களா. சாப்பிட்டியா.
காதல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை,
ஜெராக்ஸ் பையன் தேடியிருப்பான்.

அக்டோபர் இருபத்து நாலு தொடங்கி
நவம்பர் மூன்று முடிய
ஒன்றுமே இல்லை.

நேற்று வந்த மின்னஞ்சல்
சரியாக அங்கேதான் விரல் வைக்கிறது.
இந்த இடைவெளியை விளக்கவும்.
முப்பது நாள் அவகாசம்.

போன் ரிப்பேர்னு எழுதுங்க சார்,
எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க என்கிறார் ஏஜென்ட்.

போன் நன்றாகத்தான் இருந்தது.
வரவில்லை என்று சொன்னது நான்.
கடையை யார் பார்ப்பது,
அங்கே வந்து நான் எதை நிறுப்பது,
உன் சம்பளத்தில் உட்கார்ந்து
பனி எண்ணவா என்றேன்.
சரி என்று ஒற்றைச் சொல் போட்டாள்.
பிறகு எத்தனை முறை எடுத்துப் பார்த்தும்
அந்தச் சரி மட்டுமே கடைசியில் இருந்தது.

பதினோராம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு
ஒரு படம் வந்தது.
வாடகைக்குப் பார்த்த வீட்டின் சமையல்கட்டு,
அடுப்பு ஓரம் ஒரு முழ இடம் காலி.
இங்க என்ன வைக்கலாம் என்று கேட்டிருந்தாள்.
பணியாரக்கல் என்றேன்.
வேறெதுவும் பேசவில்லை, இன்று வரை, அதைப் பற்றி.

இப்போது தராசுக்குப் பக்கத்தில்
சாக்கு மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.
ஐயா, அல்லது அம்மா,
அந்தப் பதினோரு நாளும் எங்களுக்குள் சண்டை.
விசாவுக்காகத் தாலி கட்டியவன்
ஒரு நாள்கூட விடாமல் குட்மார்னிங் அனுப்பியிருப்பான்.

இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?
உமையாளுக்கு அனுப்பிக் கேட்டிருக்கிறேன்.
அங்கே காலை பத்தரை,
ஸ்கேன் அறையில் போனை அணைத்திருப்பாள்.
ஒற்றை டிக்.

தேனு தூங்கிவிட்டாள், பெட்டிமேலேயே.
மெல்லத் தூக்கினேன்.
தராசில் எண் இறங்கிய அளவை
மனசுக்குள் கழித்துப் பார்த்தேன்:
பதினேழு எழுநூறு,
குல்லாயும் சேர்த்து.